மேசைக்கால்களும் கணனித்தாள்களும்: மறுதாக்க விசைக்குப் பொருள்கொண்ட வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

பாலமாயினும் அணைக்கட்டாயினும் கடல்நடுவே எழுப்பப்பட்ட மேடையாயினும், ஒரு கட்டமைப்பு நிற்கிறது என்பதன் பௌதிக அர்த்தம் ஒன்றே: அதன்மீது விழும் சுமை முழுவதையும் அதன் தாங்கிகள் பொறுக்கின்றன. தாங்கிகள் கட்டமைப்புக்குத் திருப்பிக் கொடுக்கும் இவ்விசையையே நிலையியல் மறுதாக்கம் என்று வழங்குகின்றது. இன்று பெருங்கட்டமைப்புகள் பெரும்பாலும் முடிவுள்ள மூலக முறையினாலேயே கணிக்கப்படுகின்றன. கட்டமைப்பைப் பல சிறு மூலகங்களாகப் பகுத்து, அவை ஒன்றோடொன்று இணையும் கணுக்களின் இடப்பெயர்ச்சியைக் கணனி காண்கிறது; இறுதியில் தாங்கிகளின் மறுதாக்கங்களை அட்டவணையாகத் தருகிறது. அவ்வட்டவணையின் கூட்டுத்தொகை இட்ட சுமையின் கூட்டுத்தொகைக்குச் சமமாயின் கணிப்பும் சரி என்று கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. இவ்வழக்கம் எவ்வளவு தூரம் நியாயமானது, எவ்விடத்தில் ஆபத்தாக மாறுகிறது என்பதை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட நாம் இத்துறையுட் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் எண்களின் அட்டவணையும் மனிதரால் ஆக்கப்பட்ட பனுவலே. அதனை ஆக்கியோர் யாவர், எவ்வெடுகோள்களின்மீது ஆக்கினர், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது விடுகிறது என்னும் வினாக்கள் செய்யுளுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு அதற்கும் பொருந்துவன. ஒரு வேறுபாடு உண்டு. செய்யுளைப் பிழைபட வாசித்தால் எவரும் நீரில் மூழ்குவதில்லை.

1. மேசையின் நான்கு கால்கள்

தாக்கத்துக்குச் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்னும் விதியை நியூற்றன் 1687இல் வெளியிட்டார். எனினும், பல தாங்கிகள் சேர்ந்து ஒரு சுமையைப் பொறுக்கும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு பொறுக்கிறது என்ற வினாவுக்கு அவ்விதி மாத்திரம் விடை தருவதில்லை. மூன்று கால் முக்காலியாயின் இடர்ப்பாடில்லை. விசைகளின் சமநிலை, திருப்பங்களின் சமநிலை ஆகியவற்றைக் கொண்டே மூன்று மறுதாக்கங்களையும் துணிந்துவிடலாம். நான்காவது காலைப் பொருத்தியதும் நிலைமை மாறிவிடுகிறது.

ஓர் எளிய உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நானூறு நியூற்றன் நிறையுடைய சதுர மேசையொன்று நான்கு மூலைக்கால்களில் நிற்கிறது. ஒவ்வொரு காலும் 100 நியூற்றன் பொறுப்பதாகக் கூறின் சமநிலை பேணப்படுகிறது. மூலைவிட்டத்தில் எதிரெதிராயுள்ள இரு கால்கள் ஒவ்வொன்றும் 150 பொறுக்க, ஏனைய இரண்டும் ஒவ்வொன்றும் 50 பொறுப்பதாகக் கூறினும் சமநிலை பேணப்படுகிறது. அவ்விரு கால்களுமே தலைக்கு 200 பொறுக்க, மற்றை இரண்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் வாளாவிருப்பதாகக் கூறினுங்கூட அதுவே நிலை. மூன்று விடைகளிலும் கூட்டுத்தொகை 400, திருப்பங்களும் சமன். ஆனால் கால்களின் நிலையிலிருந்து நோக்குமிடத்து இம்மூன்றும் மூன்று வெவ்வேறு உலகங்கள்.

இவ்வினாவைத் தெளிவாக எடுத்து ஆராய்ந்தவர் ஒயிலர். பீற்றர்ஸ்பேக் கலைக்கழகத்தின் 1773ஆம் ஆண்டுத் தொகுதிக்குரிய கட்டுரையொன்றில், ஒரு நிறை தான் தங்கியிருக்கும் தளத்தை எவ்வாறு அழுத்துகிறது என்று அவர் வினவினார். தளம் சிறிதும் இளகாதது எனக் கொண்டால் விடை துணிய முடியாதது என்பதையும், அது அழுத்தத்துக்கு ஏற்பச் சிறிதளவு இளகும் எனக் கொண்டால் விடை பிறக்கிறது என்பதையும் அவரது ஆய்வு காட்டியது. நவியே 1826இல் அச்சாக்கிய தமது விரிவுரைகளில், தாங்கிகளினதும் கட்டமைப்பினதும் மீள்தன்மையைக் கணக்கிற் கொண்டு இத்தகைய வினாக்களைத் தீர்க்கும் பொது வழியை வகுத்தார். கிளப்பெரோன் 1857இலும், மெனபிரேயா 1858இலும், கஸ்ரிலியானோ 1870களிலும் அவ்வழியை விரிவாக்கினர். ஐரோப்பாவெங்கும் இரும்புப் பாதைகளும் அவற்றுக்கான தொடர்ப்பாலங்களும் பெருகிய காலம் அது. தேவை சிந்தனையை உந்தியது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று மனங்கொள்ளத்தக்கது. யார் எவ்வளவு சுமக்கிறார் என்பது சுமையின் அளவினால் மாத்திரம் தீர்மானிக்கப்படுவதில்லை. சுமப்பவற்றுக்கிடையிலான விறைப்பு உறவுகளினாலும் தீர்மானிக்கப்படுகிறது. விறைத்து நிற்பது கூடுதலாகச் சுமக்கிறது. இளகுவது தன் பங்கின் ஒரு பகுதியை அயலிலுள்ளதன்மீது தள்ளிவிடுகிறது. ஆகவே, தனியொரு மறுதாக்கத்தின் பெறுமானம் முழுக் கட்டமைப்பின் உறவுகளையும் தன்னுள் அடக்கியுள்ளது. கூட்டுத்தொகையோ அவ்வுறவுகள் யாவற்றையும் மறைத்துவிடுகிறது.

2. கையிலிருந்து பொறிக்கு

இத்தகைய கணக்குகள் நெடுங்காலம் கையினாலேயே செய்யப்பட்டன. ஹாடி குறொஸ் 1930இல் வெளியிட்ட திருப்பப் பங்கீட்டு முறை அக்கைக்கணக்கின் உச்சம் எனலாம். ஒரு மூட்டில் ஏற்பட்ட சமனின்மையை அயல் உறுப்புகளுக்கு அவற்றின் விறைப்புக்கேற்பப் பங்கிட்டு, அங்கிருந்து அடுத்த மூட்டுக்குக் கடத்தி, சமனின்மை தேயும்வரை திரும்பத் திரும்பச் செய்வதே அம்முறை. அதனைக் கையாண்ட எந்திரவியலாளர் விடையை மாத்திரமன்றி, சுமை எவ்வழியாற் பயணஞ்செய்து தரையை அடைந்தது என்பதையும் படிப்படியாகக் கண்டார். விடையும் விடை பிறந்த வழியும் ஒரே தாளில் இருந்தன.

முடிவுள்ள மூலக முறையின் தோற்றம் வேறு சூழலைச் சார்ந்தது. 1941இல் ஹிரெனிக்கொவ், 1943இல் கூரன்ற் ஆகியோரது கட்டுரைகளில் அதன் கரு காணப்படுகிறது. ஆர்கிரிஸ் 1954-55இல் எழுதிய தொடர்கட்டுரைகளும், போயிங் விமான நிறுவனத்தின் சூழலிற் பிறந்து 1956இல் வெளியான ரேணர், கிளவ், மாட்டின், ரொப் ஆகிய நால்வரின் கட்டுரையும் அதற்கு உருவம் கொடுத்தன. வேகங்கூடிய விமானங்களின் இறக்கைகளைக் கணிப்பது அன்றைய தேவை. அம்முறைக்கு இன்று வழங்கும் பெயரைக் கிளவ் 1960இற் சூட்டினார். நாசா நிறுவனத்தின் செலவில் 1960களின் பிற்பகுதியில் ஆக்கப்பட்ட நாஸ்ரான் என்னும் கணனிச் செய்நிரல், பின்னர் விமானத்துறைக்கு வெளியேயும் பரவியது. சீனத்தில் பெங் காங் என்னும் கணிதவியலாளர், அணைக்கட்டு வடிவமைப்புக்கான கணக்குகளிலிருந்து தொடங்கி, மேற்குலக ஆய்வுகளைச் சாராமலே இதையொத்த முறைக்கு வந்து 1965இல் அதன் கணித அடிப்படையை வெளியிட்டமையும் இங்கு குறிப்பிடத்தக்கது. ஒரே தேவை இரு வேறு சமூகங்களில் ஒரே கருவியைப் பிறப்பித்தது.

இம்முறையில் மறுதாக்கம் பிறக்கும் வரிசையை நோக்குவோம். முதலில் ஒவ்வொரு மூலகத்தினதும் விறைப்புத் தாயம் ஆக்கப்பட்டு, அவை சேர்ந்து பெருந்தாயமாகின்றன. தாங்கிகளில் இடப்பெயர்ச்சி பூச்சியம் என விதிக்கப்படுகிறது. எஞ்சிய இடப்பெயர்ச்சிகள் காணப்படுகின்றன. அவற்றை மீண்டும் தாங்கிகளுக்குரிய நிரைகளாற் பெருக்கும்போதே மறுதாக்கம் கிடைக்கிறது. ஒயிலர் முதல் குறொஸ் வரை ஆய்வின் மையவினாவாக இருந்த ஒன்று, இங்கு கணிப்பு முடிந்தபின் கிடைக்கும் துணைவிளைவாயிற்று. அச்சுத்தாளில் அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்திற்குத் தள்ளப்பட்டது.

3. சமன் எதனை நிறுவுகிறது?

மறுதாக்கங்களின் கூட்டுத்தொகை சுமைகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாயிருப்பது பயனற்ற சோதனை என்று நாம் கூற வரவில்லை. சுமையொன்று தவறவிடப்பட்டிருப்பின், அலகு மாறியிருப்பின், விசையின் திசை பிழைத்திருப்பின், கையாற் கூட்டிய மொத்தச் சுமையோடு ஒப்பிடும்போது அது வெளிப்பட்டுவிடும். சமன்பாடுகளைத் தீர்ப்பதில் எண்வழு புகுந்திருப்பினும் தெரியவரும். இவை சிறிய பயன்களல்ல.

ஆனால் இச்சோதனை நிறுவுவது அவ்வளவே. மூலகம் ஒன்றை முழுமையாக இடம்பெயர்த்தால் அதனுள் விசை எதுவும் தோன்றாது என்னும் நிபந்தனை விறைப்புத் தாயத்தின் அமைப்பிலேயே உள்ளது. அதன் விளைவாக, வலை நுண்ணியதாயினும் பரும்படியானதாயினும், பொருளின் விறைப்புச் சரியாகக் கொடுக்கப்படினும் பிழையாகக் கொடுக்கப்படினும், கணுக்களில் விசைகள் சமப்பட்டே தீரும். இச்சமன் இயற்கை தந்த சான்றன்று. முறை தனக்குத்தானே விதித்துக்கொண்ட ஒழுங்கு. பேரேட்டின் இரு பக்கங்களும் சமப்படுவதைக் கொண்டு வணிகம் நேர்மையானது என்று எவரும் முடிவு செய்வதில்லை அல்லவா?

தனித்தனி மறுதாக்கங்களை வாசிக்கும்போதும் விழிப்பு வேண்டும். இங்கு மூன்று நிலைமைகளைச் சுட்டலாம். முதலாவது, கணுவொன்றின் மறுதாக்கம் வலையைப் பொறுத்தது. ஒரே தாங்கியைப் பத்துக் கணுக்களாற் குறிப்பதற்குப் பதில் நூறு கணுக்களாற் குறித்தால் ஒவ்வொன்றின் பங்கும் குறையும். தாங்கி முழுவதற்குமான கூட்டுத்தொகைக்கே பௌதிக அர்த்தம் உண்டு. இரண்டாவது, இருபடி மூலகங்களின் இயல்பு. எட்டுக் கணுக்களையுடைய சதுர முகமொன்றின்மீது சீரான அமுக்கம் இடப்படின், பக்க நடுக்கணு ஒவ்வொன்றும் மொத்த விசையின் மூன்றில் ஒரு பங்கைப் பெற, மூலைக்கணு ஒவ்வொன்றும் பன்னிரண்டில் ஒரு பங்கை எதிர்க்குறியோடு பெறுகிறது. அம்முகம் தாங்கியாக அமைந்திருப்பின், அறியாதவர் மூலை மேலெழுகிறது என்று வாசிப்பார். மேலெழுவது எதுவுமில்லை, அது கணிதத்தின் இலக்கணம்.

மூன்றாவது நிலைமை இதற்கு மறுதலையானது. தரையில் தங்கியுள்ள அடித்தளத்தின் ஒரு முனை முழுவதற்குமான கூட்டு மறுதாக்கமே கீழ்நோக்கி இழுப்பதாக வருமாயின், அதனை இலக்கணம் என்று தள்ளிவிட முடியாது. மண் தள்ளும், இழுக்காது. மண் தரமுடியாத விசையை மாதிரியுரு தந்துள்ளது என்பதே அதன் பொருள். உண்மையில் அம்முனை உயர்ந்துவிடும். ஏனைய தாங்கிகளின் சுமை கூடும். மூலையில் தோன்றும் ஒரே எதிர்க்குறி ஓரிடத்தில் வெற்றொலியாகவும் இன்னோரிடத்தில் அபாய அறிவிப்பாகவும் இருக்கிறது. எது எதுவென்று அட்டவணை கூறாது. வாசிப்பவரே கூற வேண்டும்.

4. ஹாட்போட், 1978

ஐக்கிய அமெரிக்காவின் ஹாட்போட் நகரில், 1978 சனவரி 18ஆந் திகதி விடியற்காலை, விளையாட்டரங்கொன்றின் உருக்குக் கூரை பனிச்சுமையின்கீழ் இடிந்து விழுந்தது. சில மணித்தியாலங்களுக்கு முன்னர் அங்கு கூடைப்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தோர் ஏறத்தாழ ஐயாயிரவர். அவர்கள் கலைந்து சென்றுவிட்டமையால் உயிரிழப்பு நேரவில்லை.

அக்கூரை நான்கு பெருந்தூண்களின்மீது நின்றது. ஒயிலரின் மேசையே பெருவடிவம் பெற்றதுபோன்ற அமைப்பு அது. சமச்சீரான அமைப்பாகையால் ஒவ்வொரு தூணும் காற்பங்கு சுமக்கும் என்பதில் ஐயமிருக்க நியாயமில்லை. ஆனால் பின்னர் நடந்த ஆய்வில் இரு செய்திகள் வெளிவந்தன. கூரையின் சொந்த நிறை, வடிவமைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் கொள்ளப்பட்டிருந்தது. மேல் உறுப்புகள் பக்கவாட்டில் நெளியாதவாறு பிடிக்கப்பட்டுள்ளன என்று கணனி மாதிரியுரு கொண்ட எடுகோள் கட்டப்பட்ட அமைப்புக்குப் பொருந்தவில்லை. முதலாவது பிழையை மறுதாக்கக் கூட்டுத்தொகை காட்டாது. குறைத்துக் கொடுத்த நிறையை அது விசுவாசமாகக் குறைத்தே திருப்பித் தரும். இரண்டாவது பிழையையும் அது காட்டாது. கூரை தூண்களை அடையுமுன் உள்ளே நெளிந்து முறிவதைப் பற்றித் தூண்களின் சமநிலை எதுவும் அறியாது.

எனினும் கட்டமைப்பு மௌனமாக இருக்கவில்லை. நிலத்தில் பொருத்தப்பட்ட கூரை மேலே உயர்த்தப்பட்டபோது அதன் தொய்வு கணித்ததைப்போல் இரு மடங்காக இருந்தது. அது அறிவிக்கப்பட்டது, பாரதூரமாகக் கொள்ளப்படவில்லை. ஓரத் தகடுகளைப் பொருத்த வந்தோர் சட்டகம் உருக்குலைந்திருப்பதால் அவை பொருந்தவில்லை எனக் கண்டனர். அவர்களே ஏதாவது செய்து பொருத்த வேண்டியதாயிற்று. கையும் கண்ணும் கண்ட உண்மை ஒரு பக்கம். தாளில் இருந்த கணிப்பு மறுபக்கம். இரண்டும் முரண்பட்டபோது தாளே நம்பப்பட்டது.

5. ஸ்லைப்னர், 1991

நோர்வேயின் ஸ்லைப்னர் ஏ மேடை, வடகடலில் 82 மீற்றர் ஆழத்தில் இயற்கை வாயு எடுப்பதற்காக அன்றைய ஸ்ராற்றொயில் நிறுவனத்துக்குக் கட்டப்பட்டது. (அந்நிறுவனம் 2018இல் எக்குவினோர் எனப் பெயர் மாறியது.) அடித்தளம் 24 கொங்கிறீற்று அறைகளாலானது. அதே வகையைச் சேர்ந்த பல மேடைகள் 1970களின் நடுப்பகுதியிலிருந்து வெற்றிகரமாக நிறுவப்பட்டிருந்தன. 1991 ஓகத்து 23ஆந் திகதி, ஸ்ராவங்கர் நகருக்கு அண்மையிலுள்ள நுழைகழியொன்றில், மேற்தளத்தைப் பொருத்துவதற்கு ஆயத்தமாக அடித்தளம் நீருள் மெல்ல இறக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அறைச்சுவரொன்று பிளந்தது. பம்பிகளால் இறைக்கக்கூடிய அளவுக்கு மேலாக நீர் புகுந்தது. அடித்தளம் முழுவதும் மூழ்கி, 220 மீற்றர் ஆழத்தில் அடித்தரையில் மோதிச் சிதறியது. அம்மோதல் நிலநடுக்கப் பதிகருவிகளில் றிக்ரர் அளவுத்திட்டத்தில் 3.0 எனப் பதிவாயிற்று. இழப்பு ஏறக்குறைய 70 கோடி டொலர்.

மூன்று வட்ட அறைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் முக்கோண வடிவான வெளியொன்று எஞ்சும். அது மேலே திறந்திருப்பதால் கடல்நீர் அதனுள் முழு அமுக்கத்தோடு நிற்கும். அவ்வெளியின் சுவர்கள் அவ்வமுக்கத்தைப் பொறுத்துத் தம் இரு முனைகளிலுமுள்ள மூட்டுகளுக்குக் கடத்த வேண்டும். நாஸ்ரான் கொண்டு செய்யப்பட்ட கணிப்பில் அம்மூட்டருகே வலை பரும்படியானதாகவும் மூலகங்கள் கோணலானவையாகவும் இருந்தன. அங்கு கொய்வுத் தகைப்பு, அதாவது சுவரைக் குறுக்காக அறுக்க முயலும் தகைப்பு, 47 வீதம் குறைத்துக் கணிக்கப்பட்டிருந்தது. அதற்கேற்பச் சுவர் மெலிந்தது. வலுவூட்டற் கம்பிகளின் நங்கூரமும் போதாததாயிற்று. விபத்தின் பின் நுணுக்கமாகச் செய்யப்பட்ட கணிப்பு 62 மீற்றர் ஆழத்தில் சுவர் உடையும் என்றது. அது உண்மையில் உடைந்தது ஏறத்தாழ 65 மீற்றரில்.

இவ்விடத்தில்தான் மறுதாக்கம் பற்றிய எமது வினா கூர்மையடைகிறது. கணக்கெளிமைக்காக, 4 மீற்றர் நீட்டமும் 1 மீற்றர் உயரமுமுடைய சுவர்த் துண்டொன்றைக் கற்பனை செய்வோம். 65 மீற்றர் ஆழத்தில் நீரமுக்கம் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 650 கிலோநியூற்றன். துண்டின்மீதான மொத்த விசை 2600. சுவரை ஒரு வளையாகக் கருதின் அதன் மூட்டுகளே அதன் தாங்கிகள். ஒவ்வொன்றும் பாதியை, அதாவது 1300 கிலோநியூற்றனைப் பொறுத்தாக வேண்டும். முனையிலுள்ள கொய்வு விசை இம்மறுதாக்கமேயன்றி வேறில்லை. 47 வீதக் குறைப்பு என்பது 1300க்குப் பதில் ஏறக்குறைய 690 என்று எழுதுவதற்குச் சமம். எஞ்சிய 610ஐ யார் சுமக்கிறார் என்று கேட்டிருந்தால் விடை கிடைத்திராது.

மேலுமொன்று. கணு விசைகள் எவ்வலையிலும் சமப்பட்டே நிற்கும் என்று மேலே கண்டோம். ஆகவே அதே பரும்படியான வலையிலுங்கூட, மூட்டினூடாகச் செல்லும் கணு விசைகளைக் கூட்டியிருப்பின் சமநிலைக்கு ஒத்த விடையே கிடைத்திருக்கும் என்பது முறையின் இயல்பிலிருந்து வருவிக்கத்தக்கது. மூலகத்துள் சில புள்ளிகளிற் கண்ட தகைப்பை மூட்டுவரை நீட்டி ஊகித்தபோதே உண்மை நழுவியது. முழுக் கட்டமைப்பின் கூட்டுத்தொகையாக வரும்போது வெறும் கூறியது கூறலாகிவிடும் அதே சமநிலை, ஓர் உறுப்பைத் தனியே வெட்டியெடுத்து அதனிடம் வினவும்போது கூரிய திறனாய்வுக் கருவியாக மாறுகிறது.

அடித்தளம் மீண்டும் வடிவமைக்கப்பட்டபோது, கணனி முடிவுகளுக்குக் காத்திராது பழைய கைக்கணக்கு முறைகளே பெரிதும் கையாளப்பட்டன. புதிய மேடை 1993இல் தன்னிடத்தை அடைந்தது.

6. பொறுப்பு

கணனி பொய் சொன்னது என்றோ, கைக்கணக்குக்கு மீள்வதே வழி என்றோ முடிவு செய்வது பிற்போக்கான வாசிப்பாகும். கேட்ட வினாவுக்குக் கணனி விடை தந்தது. பிழை வேறிடத்தில் உள்ளது. மாதிரியுருவை ஆக்குவோர் ஒரு சாரார், அதன் எண்களைக் கொண்டு கம்பிகளை வரைவோர் இன்னொரு சாரார், களத்தில் கட்டுவோர் பிறிதொரு சாரார் என வேலைப்பிரிவினை ஆழமாகும்போது, அச்சிட்ட எண் இவர்களுக்கிடையிலான ஒரே மொழியாகிவிடுகிறது. அவ்வெண்ணுள் உறைந்துள்ள எடுகோள்களும் ஐயங்களும் அவசரங்களும் கண்ணுக்குப் புலனாவதில்லை. மனிதரின் உழைப்பும் தீர்மானமும் எண்ணின் இயற்கைக் குணம்போலத் தோற்றமளிக்கின்றன. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில், பண்டத்தின் மாயத்தன்மையை விளக்கப் புகுந்த மார்க்ஸ் எடுத்துக்கொண்ட பொருளும் ஒரு மர மேசையே என்பது இங்கு நினைவுக்கு வருகிறது.

ஆகவே மறுதாக்க அட்டவணையை வாசிப்போர் மூன்று வினாக்களையேனும் எழுப்புதல் வேண்டும். கையாற் கணித்த மொத்தச் சுமையோடு இது பொருந்துகிறதா? ஒவ்வொரு தாங்கியும் தருவதாகக் கூறப்படும் விசையை அத்தாங்கி உண்மையில் தரவல்லதா? கட்டமைப்பின் எப்பகுதியை வெட்டியெடுத்தாலும் அப்பகுதி தனியே சமநிலையில் நிற்கிறதா? முதல் வினாவோடு நிறுத்திக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. ஹாட்போட்டும் ஸ்லைப்னரும் அதன் எல்லையைக் காட்டுகின்றன. இவ்வினாக்களுக்கு அப்பால், தொய்வு இரு மடங்கு என்று களத்திலிருந்து வரும் சொல்லுக்கு அச்சுத்தாளுக்குள்ள மதிப்பேனும் அளிக்கப்படல் வேண்டும்.

தமிழில் சுமையைப் பொறுத்தலும் ஒரு செயலுக்குப் பொறுப்பு ஏற்றலும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள். தூண் பொறுக்கும், பொறுப்பேற்பது தூணால் ஆகாது, கணனியாலும் ஆகாது. எண்களின் கீழே ஒப்பமிடும் மனிதர், அவ்வெண்கள் எவ்வாறு பிறந்தன என்பதை அறிந்திருக்க வேண்டும். அறிவதற்கான நேரமும் உரிமையும் அவருக்கு வழங்கப்பட்டிருக்கவும் வேண்டும். அந்நேரத்தை மிச்சப்படுத்தும் எந்தக் கணக்கிலும், மிச்சப்பட்ட சுமையை வேறெங்கோ யாரோ பொறுத்துக்கொண்டிருக்கிறார்.